நாலாவது குழி

“கலியாணத்துக்கு இன்னும் ரெண்டு கிழமை, பதினாலு நாள்தான் கிடக்கு. பொம்பிளையின்ரை அப்பா இருந்து கரம் போர்ட் விளையாடுறார்!”

புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்த இராசேஸ்வரி, விறாந்தைக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

செல்வநாயகம் நிமிரவில்லை. மடியில் கிடந்த டப்லெட்டை விரலால் சுண்டிக்கொண்டிருந்தார். வயலால் வந்து கால் கழுவினாரோ இல்லையோ, அந்தக் கண்ணாடிப் பலகையைத் தூக்கிவிடுவார். ஐம்பத்தெட்டு வயது மனிதர்! உயிலங்குளம் ஊர் முழுக்கச் சிரிக்காத குறை.

“ஆரோடை விளையாடுறியள்?”

“உன்ரை மகள் அபிசா இதிலை பிடிச்சுத் தந்த ஆள். ஆரோ.”

“முகம் தெரியாத ஆரோவோடை விளையாட நேரம் இருக்கு. கூடப்பிறந்த தம்பிக்கு ஒரு போன் கோல் எடுக்க நேரமில்லை, என்ன?”

“அவன் முதலிலை எடுக்கட்டும்.”

ஏழு வருடமாக இதே பதில்தான்.

தம்பி விசுவலிங்கம் தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமிலேயே நின்றுவிட்டான். சண்டை முடிந்தது, ஊருக்குப் போவோம் என்று இவர் சொல்ல, “போறதெண்டா இனி என்னோடை கதைக்காதேங்கோ” என்று அவன் சொல்ல, இவரும் விறைப்பாக வள்ளம் ஏறிவிட்டார். அதன் பிறகு இரண்டு பேருக்கும் வாயில் பூட்டு. நடுவில் பேசப்போன சொந்தக்காரர்தான் களைத்துப்போனார்கள். அவனுக்கு அனுப்பிய கலியாண அழைப்புக்கும் பதில் இல்லை.

சனம் என்ன சொல்லும் என்பது இராசேஸ்வரிக்குப் பெரிய விசயமில்லை. அபிசா சித்தப்பனின் தோளில் வளர்ந்த பிள்ளை. மணவறையில் இருந்து அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மகன் விதுசன் வேலையால் வந்தான். மன்னார் ரவுணில் கொம்பியூட்டர் கடையில் நிற்கிறவன். கேம் என்றால் அவன் சொல்வதுதான் சட்டம்.

“அப்பா, டப் எல்லாம் விளையாடுற சாமானில்லை. படம் பாக்கலாம், பாட்டுக் கேக்கலாம், அவ்வளவுதான். சீரியஸா கேம் விளையாடுறதெண்டா நல்ல கொம்பியூட்டர் வேணும்.”

“எனக்கு இது போதும், காணும்.”

“எங்கை காணும்? அங்கை பாருங்கோ, இடப்பக்க மேல் மூலையிலை காய் குழி வாயிலை நிக்குது. ஊதினாலே விழும். அதை விட்டிட்டு வேறை எங்கையோ அடிக்கிறியள். அந்த மூலையிலை ரச் ஸ்கிரீன் பழுது. நான் அப்பவே சொன்னனான்!”

டப்பை வாங்கி அந்த மூலையைத் தட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் வேலை செய்தது.

“பிறகேன் அங்கை அடிக்கிறியளில்லை?”

“பழக்கமடா. கொண்டா இங்கை.”

அடுத்தது எதிராளியின் முறை. அவனுடைய காயும் அதே மூலையில், அதே குழியின் வாயில் நின்றது. அவன் அதைத் தொடவே இல்லை. நல்லாய்க் கஸ்டப்பட்டு வேறு காயை வலப்பக்கம் கொண்டுபோய் விழுத்தினான்.

விதுசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அம்மா, இங்கை வந்து பாருங்கோ! அந்த ஆளின்ரை டப்பிலையும் அதே மூலை பழுது போலை!”

திருவலையில் இராசேஸ்வரியின் கை நின்றுவிட்டது.

“என்ன மூலை எண்டனி?”

எழும்பி வந்து எட்டிப் பார்த்தாள். கதிரையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“மண்டபத்திலை ஒரு கரம் போர்ட் இருந்ததடா. மழையிலை ஒரு மூலை உக்கிப்போச்சு. உன்ரை அப்பாவும் சித்தப்பாவும்தான் அதுக்குத் தகரம் அடிச்சவை. அந்தக் குழியிலை ஒருத்தரும் போடக்கூடாதெண்டு சட்டம். வருசக்கணக்கா மூண்டு குழியோடைதான் விளையாடினவை.”

விதுசனின் சிரிப்பு அடங்கியது.

“இஞ்சாருங்கோ… உங்களுக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்.” செல்வநாயகம் அப்போதும் நிமிரவில்லை. “அவனுக்கும் தெரியும்.”

“பிறகேன் கதைக்கிறியளில்லை?”

“ஆர் முதலிலை கதைக்கிறதெண்டுதானே ஆட்டமே.”

இராசேஸ்வரிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏழு வருடமாகப் பெரிய மனிதர்களால் ஒரே இடத்தில் இருத்த முடியாத இரண்டு பேரை, கடலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமாக, ஒரு விளையாட்டுச் சாமான் பின்னேரம் பின்னேரம் எதிரெதிரே இருத்தி வைத்திருக்கிறது. அதையா இவ்வளவு நாளும் திட்டினாள்!

“பிள்ளைக்காக ஒருக்காத் தோத்தாத்தான் என்னப்பா?”

செல்வநாயகம் பலகையைப் பார்த்தார். எதிராளியின் அடுத்த அடி தவறி, முறை இவருக்கு வந்திருந்தது. சிவப்புக் காய் நடுவில் நின்றது. வலப்பக்கம் நேர் வழி இருந்தது.

அவர் விரலை இடப்பக்கம் திருப்பினார். சுண்டினார். சிவப்புக் காய் ஓடிப்போய் இடப்பக்க மேல் மூலையில், நாலாவது குழியில், விழுந்தது.

அடுத்த அடி தவறி முறை எதிர்ப்பக்கம் போனது; அங்கே ஆட்டம் அப்படியே நின்றது. முறை வந்தும் அடிக்கவில்லை.

அலுமாரிக்கு மேலிருந்த போன் அடித்தது. இந்திய நம்பர். விதுசன் ஓடிப்போய் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணை, கள்ளாட்டம்! அளாப்பாதேங்கோ! அது நாங்கள் தகரம் அடிச்ச மூலையெல்லோ!”