கப்பல் சட்டம்

"ஒரு கிளாஸ் தாங்கோ அக்கா. ஒண்டே ஒண்டு." இளைஞன் விஸ்கிப் போத்தலைக் கைகாட்டினான். அவனுடைய வேட்டிக் கரை சேறாகியிருந்தது. அவன் முதுகோடு ஒட்டி நின்ற பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் ஈரம் காயவில்லை.

பிறின்சி நிமிர்ந்து நின்றாள். பரீட்சை தொடங்கிவிட்டது.

போத்தலில் இருந்தது பால் விடாத வெறும் பிளேன்ரீ. கிளிநொச்சியில் ஒரு பழைய மண்டபத்தில் நீள மேசை போட்டு, துணி விரித்து, கிளாஸ் அடுக்கி, அதை உல்லாசக் கப்பலின் மதுச்சாலையாக்கி வைத்திருந்தார்கள். கப்பல் வேலைக்கான பின்னேர வகுப்பின் கடைசிப் பரீட்சை இது. வெளியாட்கள் பயணிகளாக நடிக்க வருவார்கள்; அழுவார்கள், வெருட்டுவார்கள். எதற்கும் மசியக்கூடாது, நடிப்பென்று தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. தர்மிளா ரீச்சர் மேல்மாடி யன்னலுக்குள் மறைந்திருந்து புள்ளி போடுவதாகச் சொல்லியிருந்தார்.

போன முறை ஒருத்தி விட்ட கண்ணீரை நம்பி, சட்டத்தை மீறி ஊற்றிக் கொடுத்துத் தவறியவள் பிறின்சி. இந்த முறையும் தவறினால் கப்பல்காரர் அவளை எடுக்கவே மாட்டார்கள்.

"அட்டையைக் காட்டுங்கோ சேர்."

நடிப்பவர்களுக்கென்று நீலநிறக் கப்பல் அட்டை செய்து கொடுத்திருந்தார்கள். இவனோ தன் தேசிய அடையாள அட்டையை நீட்டினான். அட்டையை மறந்துவிட்டு வந்த பயணி. இதுவும் ஒரு பொறிதான் என்று அவள் நினைத்தாள். பிறந்த ஆண்டை இரண்டு தரம் கழித்துப் பார்த்தாள். இருபது.

"இருபத்தொண்டு ஆகேல்லை. தரேலாது சேர்."

"நான் கலியாணம் கட்டினவன் அக்கா. இண்டைக்குக் காலமைதான் கலியாண எழுத்து நடந்தது."

"கப்பலிலை கட்டினவைக்கும் கட்டாதவைக்கும் ஒரே சட்டம்தான் சேர்."

"எந்தக் கப்பல்?" அவன் திருதிருவென்று விழித்தான். "குடும்பம் நடத்த வயசு காணும், ஒரு மிடறு குடிக்கக் காணாதோ? இவளின்ரை அண்ணன்மார் என்னை வெட்டத் தேடித் திரியினம். அவைக்கு முன்னாலை போய் நிண்டு கதைக்க எனக்குக் கொஞ்சம் தெம்பு வேணும்."

"குடிச்சாப் போலை கிழிச்சுப்போடுவீங்களோ?" பின்னாலிருந்து அந்தப் பெண் கேட்டாள். அவளுடைய பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "அண்ணையைக் கண்டவுடனை முதல் ஓடினது நீங்கள்தான்."

பிறின்சி படித்ததை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். மறுக்க வேண்டும். முகம் சுளிக்கக்கூடாது. பதிலாக வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். தேசிக்காய்த் தண்ணி ஊற்றி இருவருக்கும் நீட்டினாள். அந்தப் பெண் அதை ஒரே மூச்சில் குடித்தாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், இருவரும் மேசைத் துணியைத் தூக்கிக்கொண்டு கீழே புகுந்துவிட்டார்கள்.

பயணி மேசைக்குக் கீழே புகுந்தால் என்ன செய்வதென்று வகுப்பில் சொல்லித் தரவில்லையே. வெளியே வரச் சொல்ல வேண்டுமோ, பேசாமல் நிற்க வேண்டுமோ? வாயைத் திறக்கப் போனாள். ஐஸ் போன்ற ஒரு கை அவளுடைய கணுக்காலை இறுக்கிப் பிடித்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு ஆண்கள் உள்ளே வந்தார்கள். மூத்தவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தான்.

"பிள்ளை, இஞ்சை ஒரு பெட்டையும் பெடியனும் வந்தவையோ?"

ஒரு பயணியைப் பற்றி இன்னொரு பயணியிடம் சொல்லக்கூடாது. அந்தப் பாடம் நல்ல ஞாபகம்.

"பயணிகளைப் பற்றி நாங்கள் ஆருக்கும் சொல்லுறேல்லை சேர். என்ன குடிக்கிறியள்?"

"என்னடி கதைக்கிறாய்?" ஹெல்மெட் மேசையில் இடித்தது. கிளாஸ் இரண்டு விழுந்து நொறுங்கின. "உனக்கும் அண்ணன்மார் இருப்பினம்தானே? நாளைக்கு நீயும் உப்பிடி ஒருத்தனோடை ஓடு, அப்ப தெரியும் அவை என்ன செய்வினமெண்டு."

அவன் மூச்சில் சாராயம் நாறியது. வேடத்துக்காக உண்மையாகவே குடித்துவிட்டு வந்திருக்கிறானே என்று பிறின்சி திகைத்தாள். ஆனால் அதற்கும் ஒரு சட்டம் இருந்தது.

"நீங்கள் ஏற்கெனவே குடிச்சிருக்கிறியள் சேர். உங்களுக்கும் தரேலாது."

அவன் கையை ஓங்கினான்.  கண்ணை மூடினால் புள்ளி குறைப்பார்கள் என்ற பயத்தில் பிறின்சி மூடாமல் நின்றாள்.

"விடுங்கோ அண்ணை." இளையவன் அந்தக் கையைப் பிடித்தான். "இதுக்கு நட்டு கழண்டிட்டுது. வாங்கோ, பஸ் ஸ்ராண்டிலை பாப்பம்."

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறின்சி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் நடுங்கியிருக்குமோ? உடைந்த கிளாஸுக்குப் புள்ளி வெட்டுவார்களோ? கணுக்காலைப் பிடித்த கை இன்னும் விடவில்லை. 'போதும், விடுங்கோவன்' என்று மனதுக்குள் கெஞ்சியபடி மேல்மாடி யன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

யன்னல் சாத்தியிருந்தது.

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் குடையும் தோளில் பையுமாகத் தர்மிளா ரீச்சர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"குறை நினையாதையும் பிறின்சி, நடிக்கிற ஆக்கள் இன்னும் வழியிலை, இப்பதான் மாங்குளம் தாண்டுகினமாம்."