அவசரக்குடுக்கை

"உங்க புது நிகழ்ச்சியை இந்த வாரத்தோட நிறுத்துறோம் சார். எட்டு மணிக்கு அவசரக்குடுக்கையைத்தான் போடணுமாம்," என்றார் தயாரிப்பாளர்.

நகைச்சுவை நடிகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன்கிட்ட அப்படி என்னய்யா இருக்கு? எழுதி நடிக்கிறதுல நான் எதுல குறைஞ்சுபோனேன்?"

"அவன் வாயைத் திறந்தாலே சனங்க சிரிக்கிறாங்க சார். நீங்க இப்பல்லாம் ரொம்ப யோசிச்சு எழுதுறீங்க."

வீட்டுக்கு வந்தால், அங்கேயும் தொலைக்காட்சியில் அவனேதான் துள்ளிக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள் மனைவி.

"காலைல என் வசனத்தைப் படிச்சுக் காட்டினப்ப கொட்டாவி விட்டே. இவனுக்கு மட்டும் பல்லெல்லாம் தெரியுது!"

"கொஞ்சம் சும்மா இருங்க, நல்ல இடம் வருது."

அவருக்குத் தாங்கவில்லை. "அவ்வளவு பிடிச்சிருந்தா அவனையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே?"

மனைவியின் சிரிப்பு நின்றது. அவர் பக்கம் திரும்பினாள்.

"அவரைத்தாங்க கட்டிக்கிட்டேன்."

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த நிகழ்ச்சி முடிந்து, எழுத்துக்கும் நடிப்புக்கும் எதிரே அவருடைய பெயரே திரையில் ஓடியது.