கிளாஸ் முடிந்த பிறகு

"அந்த மிஸ்ஸ ஏதோ புடிச்சிருக்கு கலைமணி. சத்தியமா சொல்றேன்."

ஸ்ரீமதியின் குரல் போனிலேயே நடுங்கியது. கடலூர் ஜவுளிக் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த கலைமணி நிமிர்ந்தாள்.

"என்னாச்சு?"

"நேத்து கிளாஸ் முடிஞ்சி எம் பொண்ணு பொன்னி கட் பண்ணாம எழுந்து போயிட்டா. நான் ரூமுக்குள்ள போறேன், அந்த மிஸ் பேசிக்கிட்டே இருக்கு. யார்கூடங்கிற? ஒரு கறுப்புக் கட்டம்! பதிலே இல்ல!"

ஆறாம் வகுப்புக்கு ஆன்லைன் டியூஷன் எடுக்கும் பிரிசில்லா மிஸ்ஸைக் கலைமணிக்கு ஏற்கெனவே ஆகாது. பாடத்தை ஆரம்பிக்காமல் ஒவ்வொரு பிள்ளையிடமும் 'சாப்ட்டியா, ஏன் டல்லா இருக்க' என்று விசாரித்துக்கொண்டிருப்பார். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவரை வறுத்தெடுப்பது கலைமணியின் பொழுதுபோக்கு.

"பாடம் நடத்தச் சொன்னா ஊர்க்கதை பேசுது. இப்ப இது வேறயா? ஆளை மாத்தச் சொல்லி சென்டருக்கு நானே எழுதுறேன். அதுக்கு முன்னாடி என் கண்ணால பாத்துடுறேன்."

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து சிதம்பரம் வண்டிகேட்டில் இறங்கியவள், நேராக ஸ்ரீமதி வீட்டுக்குத்தான் போனாள். தன் வீட்டுக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை.

கிளாஸ் முடியும் நேரத்தில் பொன்னியை எழுப்பி அனுப்பிவிட்டு, இருவரும் மைக்கை அணைத்துவிட்டுக் கேமராவுக்குத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"பை மிஸ்... பை மிஸ்..."

கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கலைமணியின் மகள் இளமதியும் கையாட்டிவிட்டுப் போனாள். கிளாஸ் முடியும் ஆறு மணிக்கு அவளுடைய டேப்லெட் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்து வைத்திருந்தது கலைமணிதான். அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

"பொன்னி இன்னிக்கும் கட் பண்ணாம ஓடிட்டா" என்று சிரித்தார் மிஸ். ஆனால் அவர் போகவில்லை. காத்திருந்தார்.

புதிதாக ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. அதன்மேல் ஒரு பெயர்.

ராஜவேல்.

"ஏய்... ஒங்க வீட்டுக்காரர் பேராச்சே!" என்றாள் ஸ்ரீமதி.

ராஜவேல் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் போன் பீரோவில், அவன் சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.

"வந்தாச்சா?" என்றார் மிஸ்.

கட்டம் கறுப்பாகவே இருந்தது.

"இருட்டிடுச்சா? ஜன்னல் பக்கம் பாக்காத. பின்னாடி யாரும் இல்ல. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

டிக்... டிக்... எதன்மேலோ எதுவோ தட்டும் சத்தம்.

"ம், அப்படித்தான். கிண்ணத்துல மிச்சம் வைக்கக் கூடாது."

ஸ்ரீமதி கலைமணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் கலைமணி, கட் பண்ணிடு. எனக்கு பயமாருக்கு."

கலைமணியால் விரலை அசைக்க முடியவில்லை. உயிரோடு இருந்தவரை அவளைத் தனியாக ஒரு ராத்திரிகூட விடாதவன் ராஜவேல். அவன்தான் வந்திருக்கிறானோ என்று ஒரு நிமிஷம் நம்பியே விட்டாள்.

மிஸ்ஸின் குரல் இன்னும் தணிந்தது. "தினமும் எத்தன நாளைக்கு இப்படி? இன்னிக்காவது நான் அம்மாகிட்ட பேசட்டுமா?"

கறுப்புக் கட்டத்திலிருந்து இளமதியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"வேணாம் மிஸ். தனியா இருக்க எனக்கு பயமாருக்குன்னு தெரிஞ்சா அம்மா வேலைய வுட்டுடும்."