ஏழாவது முக்கோணம்

“தப்புகூடவா ஒரே மாதிரி வரும்? இருபத்தாறு பேரும் சேர்ந்து காப்பியடிச்சிருக்காங்க சார்!”

கணக்கு டீச்சர் விஜயா, விடைத்தாள் கட்டைத் தலைமையாசிரியர் மனோகரனின் மேசையில் ஓங்கிப் போட்டாள்.

எட்டாம் வகுப்புக்கு வைத்த தேர்வு அது. பத்துக் கட்டப்படங்கள், ஒவ்வொன்றிலும் முக்கோணம் எப்படி இடம் மாறியது, அதன் A முனை எங்கே போய் நின்றது என்று எழுத வேண்டும். முதலில் வரும் ஒருவருக்கு மட்டும் ஊட்டியில் மாவட்டப் போட்டிக்கு இடம்.

பத்துக்குப் பத்து எடுத்தவன் விஜயாவின் மகன் கிருத்திக். ஒன்பது எடுத்த சரிதாவின் அப்பா தங்கவேலு, எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு மகளோடு வந்து நின்றார்.

“ஒங்க பையன்னா பத்து, எம்புள்ளன்னா காப்பியா டீச்சர்?”

“வார்த்தைய அளந்து பேசுங்க! ஏழாவதுக்கு விடை எதிரொளிப்பு, A நிக்கிறது (−4, 1). உங்க பொண்ணு சுழற்சின்னு எழுதி (−5, 2)னு போட்டிருக்கா. மத்த இருபத்தஞ்சும் அப்படியே!”

விஜயாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தேர்வன்று அவள் ஊட்டியில் பயிற்சி வகுப்பில் இருந்தாள். திரும்பி வந்து, தான் எழுதி வைத்திருந்த விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் திருத்தினாள். ஒருநாள் ஆளில்லை என்றால் இப்படியா?

சரிதா கேள்வித்தாளை மேசையில் விரித்தாள். ஏழாவது முக்கோணத்தின் மேல் பட்டர் பேப்பரை வைத்துப் படியெடுத்தாள்.

“பொரட்டிப் போட்டா உக்காரல டீச்சர். நடுப்புள்ளியில பென்சில ஊனிச் சுத்துனா கரெக்டா உக்காருது. பாத்துட்டுத் திட்டுங்க.”

கேள்வித்தாளைப் பிடுங்கிப் பார்த்த விஜயா வெடித்தாள். “இது நான் போட்ட படமே இல்ல! யாரு மாத்துனது?”

“நாந்தானுங்க” என்றார் மனோகரன். “நீங்க குடுத்துட்டுப் போன தாள் சாரல்ல நனைஞ்சு ஏழாவது படம் கலங்கிப் போச்சு. அன்னிக்குக் காலைல நானே வேற முக்கோணம் போட்டு ஜெராக்ஸ் எடுத்தேன். சொல்லோணும்னு இருந்தேன், மறந்தே போச்சுங்க.”

“மறந்து போச்சா? அப்ப இத்தன பேரையும் நான் அநியாயமாத் திருடங்கன்னு சொல்லிட்டு நிக்கிறேனே, அதுக்கு யாரு சார் பொறுப்பு?”

மனோகரன் கட்டுக்குள் தேடி, கிருத்திக்கின் விடைத்தாளை உருவினார். ‘எதிரொளிப்பு, (−4, 1)’ என்றிருந்த ஏழாவது வரியில் விரலை வைத்தார்.

“நான் போட்ட படத்துல A இந்தப் புள்ளிக்கு வரவே வராது டீச்சர். இவன் மட்டும் உங்க படத்த எங்க பாத்தானுங்க?”