வீட்டுப் புதினா

“அந்தப் புதினாவ ஒரு தடவ கழுவிடலாமே அத்தான்,” என்றான் மச்சான்.

“கழுவினா வாசம் போயிடும். இதுகூடத் தெரியாம நீயெல்லாம் ஜின் குடிக்க வந்துட்ட.”

வாசல் தொட்டியில் அப்போதுதான் பறித்த இலைகளை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிப் போட்டு, எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் ஜின்னும் ஐஸும் சேர்த்துக் குலுக்கினார் அத்தான்.

“எனக்கு வேணாம் அத்தான்.”

“கடைப் புதினா தின்ன நாக்குக்கு இதோட அருமை எங்க தெரியப்போகுது?” மச்சானின் கிளாஸையும் அவரே காலி செய்து உதட்டைச் சப்புக்கொட்டினார். “லேசா உப்புக் கரிக்குது பாரு. அதான் வீட்டுச் செடியோட குணம்.”

மச்சான் வாசலில் கட்டியிருந்த தன் நாயை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினான்.

வரும்போது செய்தது போலவே, அது அதே தொட்டியருகே நின்று காலைத் தூக்கியது.