கல்வெட்டில் ஒரு ஜப்பான் ரயில்

"இதென்ன கண்றாவி?" என்றார் சற்குணம்.

2005 மாசி மாதம். லண்டன் மனோர் பார்க்கில் வாடகைக்கு எடுத்த மண்டபம். செத்துப்போன துஷாந்தனின் முப்பத்தோராம் நாள் காரியம். சாப்பாடு முடிந்து, வாசலில் ஆளுக்கொரு கல்வெட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்வெட்டு என்றால் கல் அல்ல. செத்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், அழுகைப் பாட்டு எல்லாம் போட்டு எங்கள் ஆட்கள் அச்சடிக்கிற சின்னப் புத்தகம். லண்டன் குளிரில் விறைத்தாலும் அந்தப் பழக்கத்தை மட்டும் நாங்கள் விட்டதில்லை. கறி எத்தனை, கல்வெட்டு எவ்வளவு தடிப்பு என்று பார்த்துத்தான் எங்கள் சனம் ஒரு வீட்டின் துக்கத்தை அளக்கும்.

சற்குணம், துஷாந்தனின் தாய் செல்வமலருக்குப் பெரியம்மா மகன். இந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் கல்வெட்டுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்பவர். பாட்டு ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும். துஷாந்தனுக்கும் 'தேன்மொழி பேசிய செல்வனே' என்று எழுதி அனுப்பியிருந்தார். பிறந்ததிலிருந்து பேச்சே வராத பிள்ளை என்று ஊருக்கெல்லாம் தெரியும். பாட்டு எழுதுகிறவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

அந்தப் பாட்டைத் தேடித்தான் பக்கம் புரட்டினார். பாட்டு இல்லை. தேவாரமும் இல்லை. முதல் பக்கத்தில் துஷாந்தனின் படம். அடுத்த பக்கத்திலிருந்து கடைசிவரைக்கும் ஜப்பானில் எங்கோ ஓடுகிற ஒரு ரயிலின் கதை.

"பிரிண்ட் அடிக்கிறவன் மாத்திப்போட்டான் போலை," என்றாள் பக்கத்தில் நின்ற ரஜனி.

"முன்னுக்குப் பெடியன்ரை படம் கிடக்குது. மாறேல்லை."

"அப்ப விளம்பரமோ, அண்ணை?"

"செத்த பிள்ளையை வைச்சும் விளம்பரமோ? நான் கேக்கிறன், பொறு."

சற்குணம் வாசலுக்குப் போனார். செல்வமலர் கதிரையில் இருந்து பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க, அவள் புருசன் ஸ்ரீஸ்கந்தராஜா வருகிறவர்களின் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மலர், இதைக் குடுக்கிறதை நிப்பாட்டு. ஒழுங்கா வேறை ஒண்டு அடிப்பம்."

"வேண்டாம் அண்ணை."

"பிள்ளை வலிப்பிலை போனதோடை தாய்க்கும் மூளை கலங்கிப்போச்சுது எண்டு சனம் சொல்லும்."

"சொல்லட்டும்."

"ஒரு தேவாரம் போடக்கூட உனக்கு மனம் வரேல்லையே?"

அவள் பெட்டியிலிருந்து அடுத்ததை எடுத்தாள். அவரின் குரலைக் கேட்டு, வாங்கிய கல்வெட்டை நாலைந்து பேர் மெல்ல மேசையில் திருப்பி வைத்தார்கள். அதைப் பார்த்ததும் செல்வமலரின் முகம் வாடிவிட்டது. பிள்ளையின் சவப்பெட்டியை மூடின அன்றுகூட அவள் அப்படி இருக்கவில்லை.

சபை சேர்ந்தால் சற்குணம் விடுவாரா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்கோ, வாசிக்கிறன். 'மியாசோ ரயில் அரசாங்கத்தின்ரை இல்லை. தனியார் ரயில். பட்டு ஆலைக்காரர் சேர்ந்து போட்டது. முதல் பட்டுக்கூடு ஏத்தினது. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளையள் ஏறிச்சினம்.'"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"தமிழைப் பாருங்கோ, கதைக்கிற மாதிரியெல்லோ எழுதிக் கிடக்குது. இன்னும் கேளுங்கோ. 'சாதாரண ரயில் எல்லா ஸ்டேசனிலையும் நிக்கும். விரைவு ரயில் ஒகுதாவிலை மட்டும் நிக்கும். ஒத்தைத் தண்டவாளம். எதிர் ரயில் வரும்வரைக்கும் நிக்கவேணும். அவசரப்படக் கூடாது. கதவு மூடுது, கவனம்.'"

இப்போது மூன்று நான்கு பேர் வெளிப்படையாகவே சிரித்தார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா கையில் இருந்த கல்வெட்டுகளோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"பக்கம் பக்கமா இதுதான்," என்றார் சற்குணம். "இதிலை செத்த பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லு எங்கை கிடக்குது? பெத்த தாய் செய்யிற வேலையோ இது?"

செல்வமலர் அழத் தொடங்கியிருந்தாள். வெட்கத்தில் அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ரஜனிக்கே பொறுக்கவில்லை. "காணும் அண்ணை, விடுங்கோ. பாவம்."

சற்குணமும் போதும் என்று கல்வெட்டை மூடப் போனார்.

"மூடாதேங்கோ அண்ணை," என்றாள் செல்வமலர். "மிச்சத்தையும் வாசியுங்கோ. ஒரு மாசமாக் கேக்காமல் இருக்கிறன்."

"என்னத்தைக் கேக்காமல்?"

"அவன் பேசாத பிள்ளை இல்லை. ஆக்களைக் கண்டால்தான் வாய் திறக்கமாட்டான். ஆக்கள் போனாப் பிறகு, நான் சமைக்கேக்கை பக்கத்திலை வந்து நிப்பான். பழைய வீடியோ ஒண்டிலை பார்த்த இந்த ரயிலைப் பற்றி இங்கிலீசிலை சொல்லுவான். பசிச்சாலும் இதைத்தான் சொல்லுவான், வருத்தம் வந்தாலும் இதைத்தான் சொல்லுவான். அம்மா எண்டு ஒருநாளும் கூப்பிடேல்லை."

சற்குணம் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ரை பிள்ளை பிறந்ததிலை இருந்து எங்களோடை கதைச்சது முழுக்க இவ்வளவுந்தான், அண்ணை. ஒரு சொல்லும் விடாமல் தமிழிலை போட்டிருக்கிறன்."