பதினேழு தவறுகள்

வாத்தியார் சென்குங்கு வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு, முதல் பெஞ்சில் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, கையில் சிவப்புப் பேனா. ஒரு சொல் தப்பினாலும் விடமாட்டார் என்பது அவர் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது.

திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்திருந்த கிகோங்கோவுக்கு வியர்த்துக் கொட்டியது. கம்பாலாவின் தகரக் கொட்டகைகளில் வெளிநாட்டுப் படம் ஓடும்போது, அதை உடனுக்குடன் லுகாண்டா மொழியில் சொல்லிக்கொண்டே போகிற வீஜே அவன். இங்கே யார் நடித்த படம் என்று யாரும் கேட்பதில்லை. எந்த வீஜே என்றுதான் கேட்பார்கள்.

வாத்தியாருக்கு மட்டும் அவன் ஆகாது. அவருக்கு யார்தான் ஆகும்? டிவி தொடரில் அழுகிறவளுக்கு அழத் தெரியவில்லை என்பார். தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில், யோசேப்புக்கு மேடையில் நிற்கவே வரவில்லை என்று பாதிரியாரிடமே சொன்ன மகான்.

"அவன் சொல்றது ஒண்ணுகூடப் படத்துல கிடையாது. ஊரை ஏமாத்துறான்" என்று தெருத்தெருவாகச் சொல்லி, பாதிக் கூட்டத்தை அடுத்த தெருக் கொட்டகைக்குத் திருப்பியும் விட்டார். அவருடைய மருமகன் லுயிமா அருமையாக மொழிபெயர்ப்பானாம். அதையும் அவரேதான் சொன்னார்.

கொட்டகைச் சொந்தக்காரி நாலோங்கோ கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். "வாங்க வாத்தியாரய்யா. ஞாயித்துக்கிழமை புதுப் படம், யாரும் பார்க்காத படம். தப்பு எங்கேன்னு எழுதிக் காட்டுங்க. நீங்க சொல்றது நிஜம்னா அன்னைக்கே மைக் உங்க மருமகனுக்கு."

இந்த மைக்கும் போனால் கிகோங்கோவுக்கு வேறு பிழைப்பில்லை. சவாரிக்கு ஓட்டிக்கொண்டிருந்த சொந்த மோட்டார் சைக்கிளைப் போன வருஷமே விற்றுவிட்டான். வீட்டில் மனைவி நிறைமாதம்.

படம் ஓடியது. பனிமலை, குதிரைகள், ஒரு கோபக்காரக் கிழவன். கிகோங்கோ உயிரைக் கொடுத்துக் கத்தினான்.

"டேய் மகனே! மசாக்கால இருந்த வாழைத்தோட்டத்தை யாரைக் கேட்டுடா வித்தே?"

கொட்டகை அதிர்ந்தது. "கேளு பெரிசு, நல்லாக் கேளு!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள்.

வாத்தியார் உதட்டைப் பிதுக்கி, நோட்டில் ஒரு கோடு போட்டார்.

அப்பனும் மகனும் திரையில் வாக்குவாதத்தில் இருக்க, கிகோங்கோ மைக்கை இறக்கி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான். வெளியே சப்பாத்திக்கல்லில் முட்டை பொரிகிற சத்தம் உள்ளே வரை கேட்டது. பெஞ்சில் இருந்த பலருக்குப் பசி வந்துவிட்டது. வாத்தியாரோ அப்போதும் காதைக் குவித்தபடி எழுதிக்கொண்டேயிருந்தார். என்ன ஒரு கடமை உணர்ச்சி!

படம் முடிந்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். வாத்தியார் கையை உயர்த்தி அவர்களை அடக்கினார்.

"பதினேழு தப்பு" என்றார். "பதினேழு! கிழவன் கேட்டது 'என் துப்பாக்கி எங்கே'ன்னு. இவன் வாழைத்தோட்டம்ங்கிறான். அந்தப் பொண்ணு சொன்னது 'என்னை மன்னிச்சிடுங்க அப்பா'. இவன் 'சோறு ஆறிப்போச்சு'ங்கிறான். வெட்கமா இல்ல?"

"அவ மூஞ்சியப் பார்த்தா சோறு ஆறின மாதிரிதான்யா இருந்துச்சு!" என்றாள் பின்பெஞ்சுக்காரி.

"நீ பேசாதே. நாற்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் நான். கலை தெரியாத கூட்டம், இவன் எதை ஊத்தினாலும் குடிக்குது."

கிகோங்கோ தலை குனிந்து நின்றான். பதில் சொல்ல வாய் துடித்தது. ஆனால் சொன்னால் நாலோங்கோ அக்காவுக்கல்லவா வம்பு?

நாலோங்கோ நோட்டை வாங்கி, முதல் தப்பிலிருந்து பதினேழாவது வரை நிதானமாகப் படித்தாள். லுயிமா அதற்குள் திரைப் பக்கம் நகர்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"அவங்க பேசின இங்கிலீஷைக்கூட அப்படியே எழுதியிருக்கீங்களே வாத்தியாரய்யா!"

"ஒரு சொல் விடல."

"யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? ஏற்கெனவே பார்த்த படமா?"

"சேச்சே! இன்னைக்குத்தான் பார்க்கிறேன். எல்லாம் என் ரெண்டு காதால கேட்டது. பைபிள் மேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்."

"வேண்டாம், நம்புறேன். கிகோங்கோ, மைக்கைக் கொண்டா."

அவன் கொடுத்தான். லுயிமா ஆவலாகக் கையை நீட்டினான். நாலோங்கோ அவனைக் கவனிக்கவே இல்லை. மைக்கைத் தன் வாயருகே கொண்டுபோனாள்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும். கூட்டம் போயிடுமோங்கிற பயத்துல உங்ககிட்ட மறைச்சிட்டேன்" என்றாள். "படத்தோட சத்தம் வர்ற பெட்டி எரிஞ்சுபோய் நாலு நாளாச்சு, இன்னைக்கு ஓடினது ஊமைப்படம்."